ஞாயிற்றுக்கிழமை வந்த கூட்டம்

"எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள் நைரி.

கேட்கும்போது அவள் மர்டோவைப் பார்க்கவில்லை. அண்ணாந்து வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேக்ரோகார்ப்பா மரங்களை நெருக்கி நட்டு வளர்த்த உயரமான வேலி அது. அதன் இருட்டுக்குள், கைக்கு எட்டாத ஒரு கிளையில், ஈரச் சாக்கைச் சுருட்டி மாட்டியதுபோலத் தேனீக்கூட்டம் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னைக்குக் காலைல," என்றான் மர்டோ. "ஒரு பத்து மணி இருக்கும்."

பொய். கூட்டம் வந்தது ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளையில். இன்று செவ்வாய்.

"காலைல வெயில் அடிச்சுதா என்ன? நான் பஸ்ஸு ஓட்டிட்டிருந்தேன். மழையைத்தான் பாத்தேன்."

"இங்க ஒரு மணி நேரம் அடிச்சுது."

இது உண்மை. பொய்க்குப் பக்கத்தில் ஓர் உண்மையை முட்டுக்கொடுத்து நிறுத்தியதும் அவனுக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

"எந்தப் பக்கத்துல இருந்து?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம். காட்டுல இருந்துதான் வந்திருக்கணும்."

அவன் மனைவி ஷோனா, ஆட்டுக்குட்டிக்குப் புகட்டும் பால்புட்டியைக் கையில் பிடித்தபடி பின்னால் நின்றாள். வெள்ளிக்கிழமை ஓவாக்காவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனவள், இன்று மத்தியானம்தான் திரும்பியிருந்தாள். வண்டியை விட்டு இறங்கியதும் வேலியைப் பார்த்தாள். பார்த்த கையோடு நைரிக்குப் போன் செய்துவிட்டாள்.

"நான் வந்து இறங்கி அஞ்சு நிமிஷத்துல பாத்துட்டேன். இந்த மனுஷன் காலைல பாத்துட்டு வாயைத் திறக்காம உக்காந்திருக்கு. தேனீன்னா சோறு தண்ணி மறக்குற ஆளு!"

"விடு ஷோனா," என்றாள் நைரி மெதுவாக. "கொஞ்ச நாளைக்கு அவனுக்குத் தேனீயைப் பாக்கவே பிடிக்காது. எனக்கா இருந்தாலும் அப்படித்தான்."

அவள் திட்டியிருந்தால்கூட மர்டோ தாங்கியிருப்பான்.

போன மார்ச் மாதம், இதே வேலிக்குப் பின்னால், அவனுடைய நான்கு தேன்பெட்டிகளையும் நைரிதான் எரிக்க வைத்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது அவள் பிழைப்பு. பெட்டிகளில் நோய் இருக்கிறதா என்று பார்க்க அந்த வட்டாரத் தேனீ வளர்ப்பவர்கள் நியமித்த ஆளும் அவள்தான். மூடிய புழு அறை ஒன்றைத் தீக்குச்சியால் குத்தி, மெல்ல வெளியே இழுத்துக் காட்டினாள். காப்பி நிறத்தில், மூக்குச்சளி போல, கட்டைவிரல் நீளத்துக்கு நூல் வந்தது. புழு அழுகல். அதற்கு மருந்து கிடையாது. குழி வெட்டி, தேனீக்களைக் கொன்று, பெட்டி, சட்டம், தேன், மெழுகு எல்லாவற்றையும் போட்டு எரித்து மூட வேண்டும். அன்றைக்கு அவள் பக்கத்திலேயே நின்றாள். புகை முகத்தில் அடித்தபோதும் நகரவில்லை.

மர்டோ மெக்காஸ்கிலுக்கு நான்கு பெட்டிகள் என்றுதான் அவள் தாளில் இருக்கிறது. இருந்தது ஐந்து. அவள் வருவதாகச் சொன்ன நாளின் காலையில் ஐந்தாவதை அவன் வண்டியில் ஏற்றி, பின்பக்கப் பள்ளத்தில் முள்புதருக்கு நடுவே இறக்கிவிட்டான். அந்தப் பெட்டியின் ராணி பதினைந்து வருடமாக அவன் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த வம்சம். கையுறை இல்லாமல் திறந்தாலும் கொட்டாது. தெற்குச் சீமையின் நீண்ட மழைக்காலத்தை ஒரு கிண்ணம் தேனில் கடந்துவிடும். ஒவ்வொரு சட்டமாகத் தூக்கிப் பார்த்தான். நோய் எதுவும் கண்ணில் படவில்லை. படாது என்று நினைத்துப் பார்த்தவனுக்கு எப்படிப் படும்?

அந்தப் பெட்டிதான் செப்டம்பரில் வசந்தம் வந்ததும் நிரம்பி வழிந்து, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பிரிந்தது. கிழட்டு ராணி பாதிப் படையோடு கிளம்பி வந்து வேலியில் உட்கார்ந்தாள். பிரிந்த கூட்டம் முதலில் தாய்ப்பெட்டிக்குக் கூப்பிடு தூரத்தில்தான் உட்காரும் என்று இந்த ஊரில் தேனீ வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்தது, கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால், அடுத்த கேள்வி எங்கிருந்து என்பதாக இருக்கும். சுற்றி மூன்று கிலோமீட்டருக்கு வேறு பெட்டி இல்லை. திங்களன்று, தென்துருவக் குளிரைச் சுமந்துவரும் தெற்குக் காற்று மழையோடு இறங்கியது. அந்தக் குளிரில் எந்தக் கூட்டமும் பறக்காது. ஆகவே இன்று காலை அடித்த ஒரு மணி நேர வெயில்தான் அவனுக்குக் கிடைத்த ஒரே சந்து.

நைரி ஏணியில் ஏறி, தான் கொண்டுவந்த வெற்றுப் பெட்டியை அடியில் பிடித்து, கிளையை ஒரு உதறு உதறினாள். கூட்டம் பொத்தென்று பெட்டிக்குள் விழுந்தது. மர்டோ எட்டிப் பார்த்தான். அந்தச் சிறு குழப்பத்தின் நடுவே, நீளமாக, கறுப்பாக, அவசரமில்லாமல் ராணி சட்டங்களுக்கிடையே இறங்குவது தெரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடலாம் போல இருந்தது.

"கனமே இல்லையே," என்றாள் நைரி, பெட்டியைக் கையால் எடைபோட்டுப் பார்த்து.

"சின்னக் கூட்டம்."

"சின்னதுதான். ஆனா காலைல வயிறு முட்டக் குடிச்சுட்டுக் கிளம்பினது இதைவிடக் கனமா இருக்குமே." அவள் நெற்றி ஒரு கணம் சுருங்கி விரிந்தது. "சரி. பத்து மணின்னு சொன்ன இல்ல?"

"பத்து."

அவள் மூடியின் மேல் பென்சிலால் எழுதினாள்: செவ்வாய் காலை 10. கீழே: வெள்ளி காலை 10 வரை பாகு இல்லை.

அதில்தான் எல்லாம் இருந்தது. கூட்டம் பிரியும்போது ஒவ்வொரு தேனீயும் தாய்வீட்டுத் தேனை வயிற்றில் நிரப்பிக்கொண்டு கிளம்பும். மூன்று நாளைக்குத் தாங்கும். தாய்வீட்டில் அழுகல் இருந்தால் அதன் வித்து அந்தத் தேனில் இருக்கும். வந்த உடனே சர்க்கரைப்பாகு வைத்தால், மிஞ்சும் தேனைப் புது அறைகளில் கக்கிச் சேமித்து வைக்கும். பிறகு அதையே புழுவுக்கு ஊட்டும். நோய் புதுவீட்டில் குடியேறிவிடும். பட்டினி போட்டால் வயிற்றில் இருப்பதையெல்லாம் மெழுகாக்கி அடை கட்டியே தீர்க்கும். சேமிக்க ஒன்றும் இருக்காது. அதனால் மூன்று நாள் பட்டினி, பிறகு பாகு. ஒரு நாள் முந்தினால் நோய். ஒரு நாள் பிந்தினால் சாவு. கணக்கு பெட்டியில் போட்ட நேரத்திலிருந்து இல்லை, வீட்டை விட்டுக் கிளம்பிய நேரத்திலிருந்து.

நைரி தன் வண்டியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாள். மர்டோ விரல் விட்டு எண்ணினான். ஞாயிறு மதியம், திங்கள் மதியம், செவ்வாய் மதியம். நாளை மதியத்தோடு மூன்று நாள் முடிகிறது. வெள்ளி காலை வரை தாங்குமா?

வெயில் வந்தால் தாங்கும். கோவாய் மரங்களில் மஞ்சள் பூ தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் பறக்க முடிந்தால் போதும்.

புதன்கிழமை பனியும் மழையும் கலந்து அடித்தது.

விடிந்ததிலிருந்து அவன் ஈனும் ஆடுகளுக்கிடையே திரிந்தான். குளிரில் விறைத்த குட்டிகளைக் கோட்டுக்குள் சொருகிக்கொண்டு வந்து அடுப்படியில் இறக்கினான். ஷோனா தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் வாயிலும் விரல் விட்டுப் பார்த்தாள். வாய்க்குள் சூடு இருந்தால் பிழைக்கும்.

"உடனே குடுத்தாத்தான் பொழைக்கும்," என்று புட்டியைக் குட்டியின் வாயில் திணித்தாள். "நைரி என்னடான்னா, பட்டினி போடுறதுதான் வைத்தியம்ங்கிறா. போன் பண்ணினா. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு சொட்டு குடுக்க மாட்டாளாம். இந்தக் குளிர்ல!"

"வேற என்ன சொன்னா?"

"சாயங்காலம் காது வச்சுக் கேட்டாளாம். சத்தம் கம்மியா இருக்காம். ரெண்டு நாள்ல இப்படித் தளராதேன்னு சொன்னா." ஷோனா நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு என்ன ஆச்சு? இறைச்சியைத் தொடவே இல்ல. ஆடு செத்தாக்கூட ரெண்டு தட்டு தின்னுற ஆளு நீ."

"பசிக்கல."

"பசிக்கலையாம். தேனீயோட சேந்து நீயும் விரதமா?"

அவன் எழுந்து வெளியே போனான்.

வியாழக்கிழமை மத்தியானம் அவன் அடுப்பில் பாத்திரம் வைத்து, தண்ணீர் கொதித்ததும் இறக்கி, வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டிக் கிளறினான். ஷோனா கொட்டகையிலிருந்து வந்துவிட்டாள்.

"இது என்ன, ஜாம் காய்ச்சுற காலமா?"

"குட்டிக்கு. விறைச்சுப்போன குட்டிக்குச் சர்க்கரைத் தண்ணி குடுப்பாங்க இல்ல."

"ஒரு கிலோவா? குட்டியா, யானையா?"

அவன் பாகைக் கண்ணாடிச் சாடியில் ஊற்றி மூடி, கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். நான்கு மணி வரை நைரி பஸ்ஸில் இருப்பாள். இப்போது ஒன்றரை.

நைரியின் பதினான்கு பெட்டிகள் வீட்டுக்குப் பின்னால் காற்றுத்தடுப்பை ஒட்டி வரிசையாக இருந்தன. புதுக்கூட்டத்தின் பெட்டியை அவள் தனியாக, விறகுக் கொட்டகையின் தாழ்வாரத்தில் வைத்திருந்தாள். சந்தேகமுள்ள விருந்தாளிக்குக் கொடுக்கும் இடம். மர்டோ மண்டியிட்டான். வாசற்பலகையில் நாற்பது ஐம்பது தேனீக்கள் கிடந்தன. சில மல்லாந்து. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதினான். ஒரு கால் அசைந்தது. நாக்கை நீட்டியது, நீட்டிய நாக்கை உள்ளே இழுக்க அதற்குத் தெம்பில்லை.

மூடியைத் திறந்தான். வழக்கமாக எழும் அந்த இரைச்சல் இல்லை. நடுச் சட்டத்தில் தேனீக்கள் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. சட்டங்களில் பொருத்திய மெழுகுத் தகடுகள் மூன்றில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை அடை கட்டியிருந்தது. அறைகள் எல்லாம் காய்ந்து, வெறுமையாக. அடித்தட்டில் செத்தவை ஒரு பிடி.

சாடியை வெளியே எடுத்தான். மூடியைத் திருகினான்.

ஊற்றினால் போதும். நோய் வராது, நான்கு நாள் ஆகிவிட்டது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவனுக்கு மட்டும்தான் தெரியும். சாயங்காலம் நைரி வந்து பார்க்கும்போது, அவள் கணக்கில் இரண்டாவது நாளிலேயே அடையில் பாகு மினுங்கும். பட்டினி முடியுமுன் தீனி தின்ற கூட்டத்தை அவள் தன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்க மாட்டாள். பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திவிடுவாள். ஊற்றினாலும் சாவு, ஊற்றாவிட்டாலும் சாவு. சாடியைச் சாய்த்தபடியே அவன் கை நின்றது.

பஸ் வரும் சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. பனி அதிகம் என்று பள்ளிக்கூடத்தை நேரத்தோடு விட்டிருந்தார்கள்.

"மர்டோ."

அவன் எழுந்திருக்கவில்லை.

"எவ்வளவு ஊத்தின?"

"ஊத்தல."

"பொய் சொல்லாத. எவ்வளவு?"

"ஒரு சொட்டுகூட ஊத்தல, நைரி. சாடியைப் பாரு. கழுத்து வரைக்கும் இருக்கு."

அவள் சாடியைப் பிடுங்கிப் பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றி, நடுச் சட்டத்தைத் தூக்கி, அடையில் விரலை வைத்து நக்கினாள். இன்னொரு அடை. மூன்றாவது. இனிப்பு இல்லை என்று தெரிந்ததும் சட்டத்தைப் பதமாக இறக்கினாள்.

"பைத்தியமா உனக்கு? நாலு பெட்டி எரிச்சவன் நீ. உனக்கு நான் பாடம் எடுக்கணுமா? ஒரே ஒரு சொட்டு விழுந்திருந்தா இதை இப்பவே கொளுத்தியிருப்பேன்."

"பாரு, சாகுது. வாசல்ல பாரு."

"பாத்தேன். காலைலயும் பாத்தேன். எனக்கு மட்டும் கல்லு மனசா? நாளைக்குப் பத்து மணிக்குக் குடுப்பேன்."

"நாளைக்குப் பத்து மணிக்குக் குடுக்க ஆள் இருக்காது."

"இல்லாட்டி இல்ல. செத்தா ஒரு கூட்டம் போச்சு. அவசரப்பட்டா இந்தப் பதினாலும் போகும். அதுக்கப்புறம் பக்கத்து டிக்சன் வீட்டுப் பெட்டி, அதுக்கப்புறம் ஆத்தோரத்துது. காட்டுல இருந்து வந்ததுன்னு நீதான் சொன்ன. எந்தப் பொந்துல என்ன இருந்துச்சோ யாருக்குத் தெரியும்?" அவள் மூடியை எடுத்துப் போட்டாள். "போ. வீட்டுக்குப் போ மர்டோ. நான் உன்னைப் பாக்கல. நீ இங்க வரல."

அதுதான் அவனை உடைத்தது. அவள் மறைக்கவும் தயாராக இருந்தாள், அவனுக்காக.

"ஞாயித்துக்கிழமை," என்றான்.

"என்னது?"

"ஞாயித்துக்கிழமை வந்துச்சு. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு. காட்டுல இருந்து இல்ல. எங்கிட்ட இருந்து."

பனித்துகள் தகரக் கூரையில் மணல் போல விழுந்துகொண்டிருந்தது. நைரி மூடியின் மேல் இருந்த தன் எழுத்தைப் பார்த்தாள். மூடியை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"உங்கிட்ட எங்க இருக்கு?"

"அஞ்சாவது ஒண்ணு இருந்துச்சு. நீ வர்றதுக்கு முன்னாடி பள்ளத்துல இறக்கிட்டேன்."

"நாலுன்னு கையெழுத்துப் போட்ட."

"போட்டேன்."

அவள் பேசியபோது குரல் தணிந்திருந்தது. முப்பது வருடப் பழக்கத்தில் முதல் தடவையாக அவனை மரியாதையாகக் கூப்பிட்டாள்.

"செவ்வாய்க்கிழமை 'பத்து மணி'ன்னு சொன்னீங்க. அதே மூஞ்சிதான் இப்பவும் இருக்கு. இப்ப ஞாயித்துக்கிழமை வந்துச்சுங்கிறீங்க. சாகுதேன்னு இன்னொரு பொய் சொல்றீங்களா, இல்ல இதுதான் நெசமா? நான் எதை வச்சு நம்புறது, மிஸ்டர் மெக்காஸ்கில்?"

பொய்யை நம்பவைக்க ஒரு மணி நேர வெயில் கிடைத்தது. உண்மைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"டார்ச் இருக்கா வண்டில?" என்றாள் நைரி திடீரென்று.

"இருக்கு."

"ஏறுங்க."

அவன் வீடு வரைக்குமான நாலு கிலோமீட்டரும் அவள் வாயே திறக்கவில்லை. வேலிக்கடியில் இறங்கி, ஏணியைச் சாத்தி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினாள். நாலைந்து மணி நேரம் மட்டும் தொங்கிய கூட்டம் கிளையில் ஒன்றும் விட்டுவைக்காது. இரண்டு நாள் தொங்கினால் சும்மா இருக்க முடியாமல், அதையே வீடென்று நினைத்து மெழுகு வைக்கத் தொடங்கும். இது மர்டோவுக்கும் தெரியும். செவ்வாயன்று உதறியபோது நைரி கூட்டத்தைத்தான் பார்த்தாள், இருட்டில் கிளையைப் பார்க்கவில்லை. ஆனால் குளிரில் சுருண்டு கிடந்த கூட்டம் வைத்ததா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது. அவன் அந்தக் கிளையை நிமிர்ந்து பார்ப்பதையே மூன்று நாளாகத் தவிர்த்திருந்தான்.

மேலே கிளைகள் விலகும் சத்தம். ஈரம் அவன் முகத்தில் கொட்டியது. ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏதாவது இருக்கா?"

கத்தியால் சுரண்டும் சத்தம். அவள் இறங்கி வந்து உள்ளங்கையை விரித்தாள். வெள்ளையாக, மெல்லியதாக, குழந்தையின் காது அளவுக்கு ஒரு துண்டு அடை. இன்னும் இரண்டு சிறு துண்டுகள்.

"ரெண்டு நாள் வேலை," என்றாள். "ஒரு காலைல இது வராது."

அவன் கண்ணை மூடித் திறந்தான். "அப்ப பாகு..."

"இருங்க. எப்ப கிளம்பிச்சுன்னு தெரிஞ்சுது. எதைக் குடிச்சிட்டுக் கிளம்பிச்சுன்னு தெரியல. பெட்டியைக் காட்டுங்க."

"அதுக்குள்ள அங்க செத்துரும், நைரி."

"அப்ப வேகமா நடங்க."

பள்ளத்துக்கு இறங்கும் பாதை சேறாகியிருந்தது. முள்புதரை விலக்கி அவன் முன்னே போனான். பாதிப் படை போன பிறகும் அந்தப் பெட்டி உயிரோடு முனகிக்கொண்டிருந்தது. நைரி தன் கோட்டைக் கழற்றி, பனி உள்ளே விழாதபடி கூடாரம் போலப் பிடிக்கச் சொன்னாள். மர்டோ பிடித்தான். அவள் புழுச் சட்டம் ஒன்றைத் தூக்கினாள். தேனீக்கள் கொட்டவில்லை, அந்தக் குளிரிலும் சாந்தமாகச் சட்டத்தின் மேல் நடந்தன.

"நல்ல சாதி," என்றாள் நைரி தன்னை மறந்து.

சட்டத்தைத் திருப்பினாள். மூடிய அறைகள் வரிசையாக, பிஸ்கட் நிறத்தில், சற்றே புடைத்து, ஆரோக்கியமாக இருந்தன. பார், பார் என்று சொல்ல மர்டோ வாயெடுத்தான். அவள் விரல் ஓரத்தில் ஒரு இடத்தில் நின்றது. ஒரே ஒரு அறை. அதன் மூடி குழிந்து, எண்ணெய் பட்டது போல இருண்டிருந்தது. நடுவில் ஊசிமுனை ஓட்டை. தீக்குச்சியைச் செருகி, ஒரு சுற்றுச் சுற்றி, இழுத்தாள்.

நூல் வந்தது. காப்பி நிறத்தில், அறுந்து போகாமல், நீளமாக.

கோட்டைப் பிடித்திருந்த அவன் கைகள் மெல்லத் தாழ்ந்தன.

"நான் பாத்தேன்," என்றான். "மார்ச்சுல எல்லாச் சட்டமும் பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"இருந்திருக்காது. இல்ல, இருந்தும் நீங்க பாத்திருக்க மாட்டீங்க. ரெண்டும் ஒண்ணுதான்." அவள் சட்டத்தை உள்ளே வைத்து மூடினாள். தீக்குச்சியைத் தன் தகர டப்பாவில் போட்டாள்.

அவன் கேட்க வேண்டியதைக் கேட்டான். "அப்ப அந்தக் கூட்டம்?"

அவள் சேற்றில் கால் புதைய நின்று சத்தமாக யோசித்தாள். "கெட்ட தேனைத்தான் குடிச்சிட்டுக் கிளம்பியிருக்கு. அதுல சந்தேகமே இல்ல. ஞாயிறு மத்தியானம். இன்னைக்கு வியாழன் மூணு மணி. கொஞ்சம் கிளையில மெழுகா வச்சிருச்சு. மிச்சம் என் பெட்டியில மூணு அடை. அடையை நக்கிப் பாத்தேன், எல்லாம் காஞ்சு கிடக்கு. ஒரு அறையிலகூட எதையும் சேத்து வைக்கல." அவள் அவனைப் பார்த்தாள். "வயித்துல இருந்தா சாகாது. சாகுதுன்னா வயித்துல இல்ல."

"அப்ப குடுக்கலாம்."

"குடுக்கலாம். நீங்க செவ்வாய்க்கிழமை நெசத்தைச் சொல்லியிருந்தா நேத்தே குடுத்திருப்பேன்."

திரும்பி ஏறும்போது அவன் இரண்டு தடவை வழுக்கி விழுந்தான்.

நைரியின் சமையலறையில் அவன் கொண்டுவந்த பாகையே சுடவைத்தார்கள். புதிதாகக் காய்ச்ச நேரமில்லை. அவள் விரல் விட்டு, கை தாங்கும் சூடு என்று பார்த்து, பூச்செடிக்குத் தெளிக்கும் புட்டியில் கொஞ்சம் ஊற்றினாள். கொட்டகையில் பெட்டியைத் திறந்தபோது சுருங்கிய அந்தக் கைப்பிடி இன்னும் அங்கேயே இருந்தது. முன்னைவிடச் சிறியதாக. அசைவே இல்லை. அவள் மேலே மென்மையாகத் தெளித்தாள். அடித்தட்டில் குவிந்தவற்றின் மேலும் தெளித்தாள்.

ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. மர்டோ குனிந்து தன் மூச்சை அவற்றின் மேல் விட்டான். ஓரத்தில் ஒன்று முன்காலால் முகத்தைத் துடைத்தது. அதன் முதுகில் இருந்த துளியைப் பக்கத்துத் தேனீ நக்கியது. பிறகு அது வேறொன்றுக்கு வாயோடு வாய் வைத்துக் கொடுத்தது. குவியலுக்குள்ளிருந்து இரண்டு, ஐந்து, பத்து என்று கிளறிக்கொண்டு மேலே வந்தன. பாதிக்கு மேல் வரவில்லை.

"ராணி தெரியுதா?" என்றான் மெதுவாக.

"தேட மாட்டேன். தேடினா குளிர் உள்ள போயிரும். இருந்தா ரெண்டு வாரத்துல முட்டை வைக்கும். இல்லாட்டி இல்ல." அவள் ஆணியால் துளை போட்ட மூடியைச் சாடியில் மாட்டி, தலைகீழாகச் சட்டங்களின் மேல் கவிழ்த்தாள். "நாளைக்கு இது கடல் பக்கம் போகும். அங்க பெட்டி வைக்க என் பேர்ல பதிஞ்ச மேடு ஒண்ணு இருக்கு. சுத்தி ஒரு பெட்டியும் கிடையாது. ஆறு வாரம் கழிச்சு, புழு அறையெல்லாம் மூடினதும், தீக்குச்சியோட போய்ப் பாப்பேன். நூல் வந்தா அங்கயே எரிப்பேன். வராட்டி அப்புறம் பேசிக்கலாம். அதுவரைக்கும் நீங்க அந்தப் பக்கம் வரக்கூடாது."

"சரி."

"பள்ளத்துல இருக்கிறதை இன்னைக்கே எரிக்கணும். எல்லாம் உள்ள அடைஞ்சதும், இருட்டுறதுக்கு முன்னாடி நான் வருவேன். குழி வெட்டி வைங்க. ரெண்டடி ஆழம், போன தடவை வெட்டின மாதிரி அரைகுறையா இல்ல. நாலுன்னு போட்ட தாளை அஞ்சுன்னு திருத்தி மேல அனுப்பப் போறேன். அவங்க என்ன செய்வாங்களோ எனக்குத் தெரியாது."

சாடிக்குள் சிறு குமிழி ஒன்று கிளம்பி மேலே போனது. கீழிருந்து யாரோ உறிஞ்சுகிறார்கள். சிறிது நேரம் கழித்து இன்னொன்று. மூன்றாவதுக்காக நிற்கலாம் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது. நைரி மூடியைப் போட்டுவிட்டாள்.

அவன் வீட்டுக்கு வந்து, கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினான். மண் ஈரமாக இருந்ததால் எளிதாக வெட்டுப்பட்டது. பக்கத்தில் முள்புதருக்குள் பெட்டி முனகிக்கொண்டே இருந்தது. முழங்கால் ஆழம் வந்தபோது பாதையில் ஆள் வரும் சத்தம் கேட்டது. ஷோனா. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, சேற்றைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு குட்டிக்குப் பால் குடுக்கணும், உன்னை எங்கன்னு தேடுறது? யாருக்குக் குழி? எந்த ஆடு?"

"ஆடு இல்ல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், பிறகு சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். முள்புதரை ஒரு கையால் விலக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இது எப்ப இருந்து இங்க இருக்கு, மர்டோ?"

அவன் மண்வெட்டியைக் குழியின் ஓரத்தில் ஊன்றினான். மார்ச் மாதத்திலிருந்து சொல்லத் தொடங்கினான்.